ரமணி சிவப்பாகவே விட்ட சந்து

அலுவலகத்தில் அவளுக்குச் ‘சிவப்பு ரமணி’ என்று பெயர். ஆள் நல்ல கறுப்பு, அது வேறு விஷயம். செபராங் ஜெயாவில் ஒரு கடைவீட்டின் இரண்டாம் மாடியில் இருக்கிறது அந்தப் பொறியாளர் அலுவலகம். தெருத்தெருவாக ஓடும் தண்ணீர்க் குழாய்களைக் கம்ப்யூட்டரில் வரைந்து, எங்காவது தீப்பிடித்தால் அணைக்க வரும் பொம்பாக்காரர்களுக்குப் போதுமான தண்ணீர் வருமா என்று ஓட்டிப் பார்த்துச் சொல்வதுதான் அவள் வேலை. வருமென்றால் அந்த இடத்தில் தெருவோரம் நிற்கிற பொம்பா பைப்பு திரையில் பச்சைப் புள்ளியாகத் தெரியும். வராதென்றால் சிவப்பு. மற்றவர்கள் கையில் சிவப்பு வந்தால் அது ரொம்ப நேரம் சிவப்பாக இருக்காது. துருப்பிடித்த குழாயைப் புதுக்குழாய் என்று வைத்துக்கொள்வார்கள், அடைத்துக் கிடக்கிற வால்வைத் திறந்திருப்பதாக வைத்துக்கொள்வார்கள், சாயங்காலத்துக்குள் எல்லாம் பச்சைப்பசேல் என்று வயல்காடு மாதிரி ஆகிவிடும். ரமணியிடம் அந்தக் கதை நடக்காது. சிவப்பு வந்தால் சிவப்புதான்.

அதனால் அவளுக்கு என்ன கிடைத்தது என்று கேட்டால், ஒரு மண்ணும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களெல்லாம் அவளைத் தாண்டிப் போனார்கள். முதலாளி தயாளன் கெட்டவர் இல்லை. தீபாவளிக்குப் போனஸ் தருவார், யாருக்கும் உடம்பு முடியவில்லை என்றால் தானே காரில் கூட்டிப்போவார். ஆனால் கஸ்டமரைப் பகைத்துக்கொள்ளமாட்டார். “சிவப்பு பாக்கவா லா அவன் நமக்குக் காசு குடுக்கிறான்?” என்று தலையில் கைவைத்துக்கொள்வார். பிறகு அவள் செய்ததை வேறு யாரிடமாவது கொடுத்துப் பச்சையாக்கி அனுப்பிவிடுவார். இப்படியே வருடங்கள் போயின. ரமணியும் பழகிக்கொண்டாள்.

அவள் பிறந்தது பினாங்குத் தீவில், சுங்கை பினாங்கில் ஒரு முட்டுச்சந்தில். பலகை வீடுகள், தகரக் கூரை, வாசலுக்கு வாசல் மோட்டார் சைக்கிள். வீடு நம்முடையது, அது நிற்கிற மண் வேறொருவனுடையது, மாதாமாதம் மண்வாடகை. அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டியவர். ரமணியை டிப்ளோமா வரை படிக்கவைத்துவிட்டுத்தான் கண்ணை மூடினார். அவளைப் பட்டர்வொர்த்காரன் ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணம் அவளைப் பாலம் தாண்டிக் கொண்டுவந்து விட்டது. கட்டினவன் கொஞ்ச காலத்தில் அவளையும் விட்டுத் தாண்டிப் போய்விட்டான். பிள்ளையும் இல்லை. செபராங் ஜெயாவில் தனி வீடு, ஞாயிற்றுக்கிழமையானால் சந்தில் அண்ணன் சுகுமாரன் வீடு என்று அவள் வாழ்க்கை ஓடியது. சுகுமாரன் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறவன். அண்ணி குணவதி வாசலிலேயே நின்று, “பசியாறிட்டியா? வா, வா, தோசை சூடா இருக்கு” என்பாள். ரமணிக்கு உலகத்தில் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள அந்த வாசல் ஒன்றுதான்.

அந்தச் சந்து முனையில் பெரிய சாலையை ஒட்டி ஒரு கம்பெனி நாற்பது மாடி கட்டப்போவதாகப் பேச்சு வந்தது. சந்து நிற்கிற மண்ணையும் அதே கம்பெனி கொஞ்ச காலம் முன்பு வாங்கியிருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாடகை அதே வாடகை, வாங்குகிற கைதான் வேறு. நாற்பது மாடிக்கும் சுற்றுவட்டாரத்துக்கும் தீயணைக்கத் தண்ணீர் போதுமா என்று பார்க்கிற வேலை தயாளனிடம் வந்தது, தயாளனிடமிருந்து ரமணியிடம் வந்தது. தான் பிறந்த இடம் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

யாரோ முன்பு வரைந்துவைத்த பழைய குழாய்ப்படம் அந்த வேலையோடு கூடவே வந்தது. ஓட்டிப் பார்த்தாள். எல்லாம் பச்சை. சந்தும் பச்சை. ரமணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சந்தில் குணவதி பாத்திரம் கழுவக் குழாயைத் திறந்தால் பின்வீட்டில் குளிக்கிறவன் சோப்போடு நின்றுகொண்டு கத்துவான். அங்கே பொம்பா வண்டிக்குத் தண்ணீர் வந்துவிடுமாம்!

நெருங்கிப் பார்த்தபோது விஷயம் புரிந்தது. சந்துக் கடைசியில் பெரியவர் பக்கிரிசாமி வீட்டு ஓரம் நிற்கிற பொம்பா பைப்பை, முன்பு வரைந்த புண்ணியவான் பெரிய சாலையில் போகிற பெரிய குழாயோடு கோத்துவிட்டிருந்தான். திரையில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் தெரியும். ஒரு சொடுக்கில் நடந்த தப்பு. நிஜத்தில் அது நிற்பது சந்துக்குள் வருகிற பழைய ஒல்லிக்குழாயின் கடைசி முனையில். அந்தக் குழாயும் மண்ணுக்குச் சொந்தக்காரனுடையது. எந்தக் காலத்திலோ போட்டு அப்படியே மறந்துவிட்டது. ரமணி பெரிய குழாயிலிருந்து பிரித்து ஒல்லிக்குழாயோடு சேர்த்து மறுபடி ஓட்டினாள். சந்து முழுக்கச் சிவந்துவிட்டது.

திரையில் வந்தது போதாது என்று நேரில் சோதித்துப் பார்க்கவும் போனாள். அனுமதி வாங்கி, இரண்டு ஆட்களோடு அழுத்தமானியும் எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை காலையில் சந்துக்குள் இறங்கினாள். நம்ம ரமணி வேலை செய்கிறாள் என்று சந்தே வேடிக்கை பார்க்க வந்துவிட்டது. குணவதி எல்லோருக்கும் தேநீர் போட்டாள். திறப்பதற்கு முன்னால் முள் நன்றாகத்தான் நின்றது. நிற்கிற தண்ணீருக்கு எப்போதும் அழுத்தம் இருக்கும். உதவி கேட்காதவரை எல்லாச் சொந்தக்காரனும் நல்லவன்தானே, அப்படி. வால்வை முழுசாகத் திறந்ததும் முள் தொப்பென்று விழுந்தது. தண்ணீர் கொஞ்சம் எட்டிப் பார்த்துவிட்டு அடிப்பாதத்திலேயே வழிந்தது.

“இத வச்சு நெருப்ப அணைக்கிறதா? கோப்பி கலக்கலாம் லா!” என்றார் பக்கிரிசாமி. எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகுதான் ஒருவர் வீட்டை ஒருவர் திரும்பிப் பார்த்தார்கள். பலகை வீடுகள் அல்லவா? ஒரு வீட்டில் பிடித்தால் கடைசி வீடு வரைக்கும் போகும்.

“ரமணி, என்னம்மா செய்றது?” என்று கேட்டார் பக்கிரிசாமி.

“பயப்படாதீங்க அங்கிள். நான் சிவப்புன்னே போட்டு அனுப்புறேன். சிவப்பு வந்துச்சுன்னா பைப்ப மாத்தியே ஆகணும். வேற வழியே இல்ல” என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அவள் படித்த படிப்பில், பார்த்த வேலையில், சிவப்புக்கு மருந்து பெரிய குழாய். வேறு மருந்தும் இருக்கிறது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. சுகுமாரன் தங்கையைப் பார்த்துவிட்டுச் சந்துக்காரர்களைப் பார்த்தான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பெருமையைப் பார்க்க வேண்டுமே! “எங்க வீட்டுப் பொண்ணு” என்று இரண்டு தடவை சொன்னான்.

திங்கட்கிழமை அவள் சண்டைக்குத் தயாராகத்தான் தயாளன் அறைக்குள் போனாள். இந்தத் தடவை பச்சையாக்க விடமாட்டேன், வேலையே போனாலும் சரி என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாள். தயாளன் படத்தைப் பார்த்தார். தலையில் கைவைத்தார். “கொஞ்சம் இரு” என்று வெளியே போய்க் கம்பெனி ஆளிடம் போனில் பேசிவிட்டு வந்தார். வந்தவர் முகத்தில் ஒரு மாதிரியான ஆச்சரியம்.

“அப்படியே விட்டுரு ரமணி. சிவப்பாவே இருக்கட்டுமாம்.”

“நிஜமாவா போஸ்?”

“ரொம்ப நல்லதுன்னு சொன்னாரு. டெஸ்ட் பண்ண போட்டோவெல்லாம் சேத்துப் போடச் சொன்னாரு.”

அட, அவளுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம்! இத்தனை வருடம் கேலி பண்ணினார்களே, கடைசியில் உண்மை ஜெயித்ததா இல்லையா! அலுவலகம் மொத்தத்துக்கும் நாசி கண்டார் சோறு வாங்கிக்கொடுத்தாள். அண்ணனுக்குப் போன் போட்டு, “ஒத்துக்கிட்டாங்கண்ணே! சிவப்புன்னே போகுது!” என்று கத்தினாள். அவன் சந்து முழுக்கச் சொன்னான். கண்ணைக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதிக்கிறவர்களை எவ்வளவோ பார்த்திருக்கிறோம். ஊரையும் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு குதித்தவள் இவள்.

சில வாரம் கழித்துப் பாலாய் ராயா மண்டபத்தில் கூட்டம் என்று சந்துக்காரர்களைக் கம்பெனி கூப்பிட்டது. பைப் விஷயம்தான் என்று எல்லோரும் நல்ல சட்டை போட்டுக்கொண்டு போனார்கள். ரமணியும் போனாள். சுகுமாரன் அவளை முன்வரிசையில் உட்காரவைத்தான். கம்பெனி சார்பில் வந்தவர் ராம்நாத். நெற்றியில் விபூதி, வாயில் தேன். நம்ம ஆள் என்று சந்துக்கு முதலில் நிம்மதிதான்.

அவர் விளக்கை அணைக்கச் சொல்லிவிட்டுச் சுவரில் படம் காட்டினார். ரமணியின் படம். சந்து முழுக்கச் சிவப்பு. அப்புறம் போட்டோ: அடிப்பாதத்தில் வழிகிற தண்ணீர், ஓரத்தில் தேநீர்க் கோப்பையோடு பக்கிரிசாமி.

“இதப் பாத்ததுலேருந்து எனக்குத் தூக்கமே இல்லைங்க” என்றார் ராம்நாத். “நாளைக்கே ஒரு வீட்ல தீப்பிடிச்சா, பொம்பா வந்தும் பிரயோஜனம் இல்ல. உங்க உயிருக்கு யாரு பதில் சொல்றது? மண்ணு எங்களது. சட்டப்படி நாங்கதான் பதில் சொல்லணும். ஆபத்துன்னு தெரிஞ்சும் உங்கள இங்க வச்சிருந்தா அது பாவம் இல்லீங்களா? அதனாலதான், எல்லாருக்கும் ஃபிளாட்ல எடம் பாத்திருக்கோம். சீக்கிரமே மாறிடணும்.”

ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதையை நாம் படித்ததோடு சரி. அந்தக் கூடத்தில் அதை எல்லோரும் கண்ணால் பார்த்தார்கள். எரிகிற வீட்டில் பிடுங்குகிறவனையாவது ஒரு கணக்கில் சேர்க்கலாம். இவன் எரியாத வீட்டில் பிடுங்க வந்தவன்.

பக்கிரிசாமி எழுந்து நின்றார். “பைப்ப மாத்தினா சரியாப் போயிரும்னாங்களே சார்?”

“மாத்தலாம் அங்கிள். பழைய பலகை வீடு, குறுகின சந்து. பைப்ப மட்டும் மாத்தி என்ன ஆகப்போவுது?”

ரமணியால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்தாள். “ஒரே ஒரு ஆறு இஞ்ச் பைப்பு போதும் சார். பெரிய ரோட்டுலேருந்து இழுத்தா சந்து மொத்தமும் பச்சையாயிரும். நான் செஞ்சு காட்டுறேன்.”

ராம்நாத் அவளைப் பார்த்துச் சிரித்தார். “நீங்கதானே மிஸ் ரமணி? ரொம்ப நன்றிங்க. இவங்க யாருன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். உங்க சந்துப் பொண்ணு. இங்க இருக்கிறது ஆபத்துன்னு கண்டுபிடிச்சுச் சொன்னதே இவங்கதான். இவங்க மட்டும் சொல்லலேன்னா நாங்க சும்மா இருந்திருப்போம். ஒரு கை தட்டுங்க.”

யாரும் தட்டவில்லை. எல்லோரும் அவள் பக்கம் திரும்பினார்கள். சின்ன வயதில் அவளைத் தூக்கி வளர்த்தவர்கள், அவள் கல்யாணத்துக்குப் பந்தல் போட்டவர்கள். சுகுமாரன் மட்டும் திரும்பவில்லை. அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாளே அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து அந்த ஆறு இஞ்சுக் குழாயை வரைந்து ஓட்டினாள். சொன்னபடியே சந்து பூராவும் பச்சை. ஒரு புள்ளிகூடச் சிவக்கவில்லை. எடுத்துக்கொண்டு தயாளனிடம் ஓடினாள்.

“இத யாரு கேட்டா?” என்றார் அவர்.

“நான் கேட்டேன் போஸ்.”

“நீ கஸ்டமர் இல்ல ரமணி.”

“அவங்க தொரத்தத்தான் சிவப்பு கேட்டாங்கன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

தயாளன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “தெரியாது. சத்தியமா தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் வேற என்ன சொல்லியிருப்பேன்? பொய்யா பச்சை போடுன்னு சொல்லியிருந்தா நீ போட்டிருப்பியா?”

அந்தக் கேள்விதான் அவளை இன்றைக்கும் அரிக்கிறது. வழக்கம்போல அந்த அலுவலகத்தில் யாராவது ஒரு அயோக்கியன் அந்தச் சந்தைப் பச்சையாக்கி அனுப்பியிருந்தால், அந்த வீடுகள் இன்றைக்கும் நின்றிருக்கும். தீப்பிடித்திருந்தால் எரிந்திருக்கும், அது வேறு. ஆனால் நின்றிருக்கும். உண்மையைச் சொன்னது தப்பா என்று அவள் கேட்டால் நாம் என்ன சொல்வது? தப்பில்லை என்றுதான் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு அந்த இடத்தில் நிற்காமல் நகர்ந்துவிட வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க முடியாது.

பச்சைப் படத்தை எடுத்துக்கொண்டு சந்துக்காரர்கள் வக்கீலிடமும் போனார்கள். பொறியாளர் முத்திரை இல்லாத படம் செல்லாது என்றார் வக்கீல். முத்திரை வைத்த படம் சிவப்புப் படம்தான். அதற்கும் கீழே ‘தயாரித்தவர்’ என்று ரமணி பெயர்தான் இருந்தது. வேலையை விட்டுவிடலாமா என்று நினைத்தாள். தனி ஆள், வீட்டுக் கடன் இருக்கிறது, இந்த வயதில் எவன் கூப்பிட்டு வேலை கொடுப்பான்? விடவில்லை. அதையும் சந்து பேசியது. “கமிஷன் வாங்கியிருப்பா, இல்லாட்டி இன்னும் அங்கேயே இருப்பாளா?” என்று யாரோ சொன்னது அவள் காதுக்கே வந்தது. பக்கிரிசாமி கூலிமில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். ரமணியின் போனை அவர் எடுக்கவே இல்லை.

சுகுமாரன் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. சாமான் கட்டுகிற அன்று அவள் உதவிக்குப் போய் நின்றபோது ஒரே ஒரு வார்த்தை சொன்னான். “சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்துட்டியே ரமணி.” அதற்கப்புறம் பேச்சு நின்றுவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுக்குப் போக இடம் இல்லாமல் போயிற்று. செபராங் ஜெயாவில் வீட்டுக்குள்ளேயே படுத்துக்கிடப்பாள்.

சந்தை இடித்து, நாற்பது மாடிக்குக் குழி தோண்டியபோது பெரிய சாலையிலிருந்து குழாய் இழுத்தார்கள். ஆறு இஞ்ச் அல்ல, பத்து இஞ்ச். பலகை வீடுகள் நின்ற இடத்தின் வழியாகத்தான் அது போனது. அந்தக் குழாயைப் போட்டுப் படத்தை மறுபடி ஓட்டும் வேலையைத் தயாளன் வேறொரு ஆளிடம் கொடுத்தார். அந்த மட்டில் மனிதர். அந்த ஆள் ஓட்டிப் பார்த்து, “எல்லாம் பச்சை போஸ்” என்று சத்தமாகச் சொன்னான். ரமணி எழுந்து கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள்.

இந்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் குணவதிதான் போன் பண்ணினாள். “எத்தன நாளைக்கு லா இப்படி? அண்ணன் ஒண்ணும் சொல்லமாட்டாரு, நீ வா. நான் பேசிட்டேன்” என்றாள். ரமணிக்குக் கை கால் ஓடவில்லை. மார்க்கெட் ஸ்ட்ரீட்டுக்குப் போய் அண்ணனுக்கு வேட்டி சட்டை, அண்ணிக்குச் சேலை, பிள்ளைகளுக்குத் துணிமணி எல்லாம் எடுத்தாள். கடைக்காரனிடம் பேரம்கூடப் பேசவில்லை.

கம்பெனி காட்டிய ஃபிளாட் பன்னிரண்டாம் மாடி. இரண்டு லிஃப்டில் ஒன்று வேலை செய்தது. தாழ்வாரம் இருட்டாக, நீளமாகப் போனது. சந்தில் இருந்ததைவிட நெருக்கமாகக் குடும்பங்கள்; கதவோரமெல்லாம் பழைய மெத்தை, அட்டைப்பெட்டி, சமையல் கேஸ் தோம்பு. அண்ணன் வீட்டு நம்பரைத் தேடிக்கொண்டு போனவளுக்குச் சுவரில் பதித்த சிவப்புப் பெட்டி கண்ணில் பட்டது. தீயணைக்கிற ரப்பர் குழாய் சுருட்டி வைத்திருக்கிற பெட்டி. கை சும்மா இருக்குமா? பையைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் திறந்தாள். குழாயின் முனையில் இருக்க வேண்டிய பித்தளை மூக்கை யாரோ கழற்றி விற்றுவிட்டிருந்தார்கள். சரி, தண்ணீராவது வருகிறதா என்று வால்வைத் திருகினாள். இரண்டு சுற்று, மூன்று சுற்று, முழுசாகத் திறந்தாள். ஒரு சொட்டு இல்லை. காற்று வருகிற சத்தம்கூட இல்லை. செத்த குழாய்.

“மூடு.”

திரும்பினாள். சுகுமாரன் நின்றிருந்தான். சந்தை விட்டு வந்த பிறகு அவன் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

“அண்ணே, இதுல தண்ணியே இல்லண்ணே.”

“தெரியும். வந்த அன்னிக்கே தொறந்து பாத்தேன். மேல கீழ எந்த மாடியிலயும் இல்ல. இங்க எல்லாருக்கும் தெரியும்.”

“தெரிஞ்சுமா சும்மா இருக்கீங்க? பன்னெண்டாவது மாடி அண்ணே! வழியெல்லாம் கேஸ் தோம்பு. அண்ணி இருக்காங்க, பிள்ளைங்க இருக்காங்க. யார்கிட்டயாச்சும் சொல்ல வேணாமா?”

“சொன்னா என்ன வரும்? பைப்பு வருமா?” சுகுமாரன் குரலைத் தாழ்த்திக்கொண்டான், பக்கத்து வீட்டில் கேட்டுவிடக்கூடாது என்பதுபோல. “லோரிதான் வரும். மறுபடி சாமான ஏத்திக்கிட்டு எங்க போவேன் நான்? சொல்லு, எங்க போவேன்?”

அவன் கிட்டே வந்தான். மூத்தவன், அப்பா போன பிறகு அவளுக்கு அப்பாவாக நின்றவன், அவளுக்கு முன்னால் இரண்டு கையையும் கூப்பினான்.

“ஒன் கால்ல விழுறேன் ரமணி. இங்க மட்டும் எதையும் செக் பண்ணாத.”

உள்ளேயிருந்து குணவதி, “யாரு, ரமணியா? வந்துட்டியா?” என்று கூப்பிட்டாள். ரமணி வால்வைத் திருகி மூடினாள். பெட்டியின் கதவைச் சாத்தினாள், அது சரியாகப் பொருந்தாததால் இன்னொரு முறை அழுத்திச் சாத்தினாள். துணிப்பையை எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் பின்னால் வீட்டுக்குள் போனாள். அந்தக் குழாயைப் பற்றி இன்றுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை.